பலகைக்கு அடியில் இருக்கும் ஓவியம்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஓவியரும் புகைப்படக்காரருமான எட் டெம்பிள்டன் பற்றி எழுதியிருந்தது ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் ஸ்கேட்போர்டுகளில், அதாவது சக்கரம் வைத்த சறுக்குப் பலகைகளில், அவர் வரைந்த படங்களை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! அவர் கலை கால் ஊன்றி நிற்பதே அங்கேதான்.

கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சைச் சேர்ந்த அவர், தொழில்முறை ஸ்கேட்டராக இருந்தவர். 1993-இல் டாய் மெஷின் என்ற ஸ்கேட்போர்டு நிறுவனத்தைத் தொடங்கி, பலகைகளுக்குத் தானே படம் வரைந்தார். படம் இருப்பது பலகையின் அடிப்பக்கம். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் நாலு முறை சறுக்கினால் போதும், நடுவில் வண்ணம் உரிந்து மேப்பிள் மரம் பல்லிளிக்கும். இப்படித் தேய்ந்து போகும் என்று தெரிந்தேதான் அவ்வளவு அக்கறையாக வரைகிறார். என்னை அசைத்தது இதுதான்.

அதே கை, தான் எடுத்த புகைப்படங்களின் மேலேயே எழுதுகிறது, வண்ணம் பூசுகிறது. 2002-இல் பாரிஸின் பலே த டோக்கியோ கலைக்கூடத்தில் அவருடைய கண்காட்சி நடந்தது. 2004-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய ‘பியூட்டிஃபுல் லூசர்ஸ்’ கண்காட்சியிலும் அவர் படைப்புகள் இருந்தன. அதற்கு அப்புறமும் பலகைக்கு வரைவதை அவர் விடவில்லை.

அடுத்த முறை அவருடைய ஓவியம் ஒன்றை வெளியிட்டால், தேய்ந்த பலகை ஒன்றின் படத்தையும் பக்கத்திலேயே, அதே அளவில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி