யூக்கொன் ஆற்றில் கைகொடுத்தவர்களுக்கு

கனடாவின் வடமேற்கில் ஓடும் யூக்கொன் ஆற்றில், வைட்ஹோர்ஸ் நகரில் வள்ளத்தை இறக்கி டோசன் நகர் வரை, 715 கிலோமீட்டர். நானும் மச்சானும் பதினாறு நாள் துடுப்பு வலித்துப் போய்ச் சேர்ந்தோம். ஸ்காபரோவுக்குத் திரும்பியதிலிருந்து, "ரெண்டு பேரும் தனியாவா போனீங்கள்?" என்று கேட்காத ஆளில்லை. தனியாகப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், வள்ளம் வாடகைக்குத் தந்த அக்கா. ஆற்று வழியில் வரும் லபார்ஜ் ஏரியின் கிழக்குக் கரையோரமாகப் பென்சிலால் கோடு போட்டு, "விடியவே வெளிக்கிடுங்கள், கரையை விட்டு விலகாதீர்கள், மத்தியானம் காற்று எழும்பும்" என்று மூன்று தரம் சொன்னீர்கள். நாங்களும் மூன்று தரம் தலையாட்டினோம். பிறகு தேத்தண்ணீர் வைத்து, படம் எடுத்து, பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு, ஒரு குடாவைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நேரே குறுக்கே விட்டோம். ஐம்பது கிலோமீட்டர் நீளமான ஏரி அது. காற்றுக்குத் தடையே இல்லை. பத்து நிமிடத்தில் அலை விளிம்பேறி உள்ளே விழுந்தது. கரைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது வள்ளம் கவிழ்ந்தது. பிழை முழுக்க எங்களுடையது, அக்கா.

அடுத்தது, கயாக்கில் வந்த அந்த ஜெர்மன் தம்பதி. உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, பல் கிடுகிடுத்ததில் கேட்டிருக்கவும் முடியாது. ஐயா எங்கள் வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக் கரை சேர்த்தீர்கள். ஜூலை மாதம்தான், ஆனால் அந்தத் தண்ணீருக்கு மாதம் தெரியாது. என் விரல்களுக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றும் அளவுக்குக்கூட உயிர் இல்லை. அம்மா, நீங்களே ஒவ்வொன்றாகக் கழற்றி, உங்கள் மொழியில் நன்றாகத் திட்டி, காய்ந்த கம்பளிக் காலுறையை என் காலில் மாட்டிவிட்டீர்கள். திட்டு விளங்கவில்லை. ஆனாலும் விளங்கியது.

ஏரி கழிந்த பிறகு ஆறு எங்களை மன்னித்துவிட்டது. கண்ணாடிப் பச்சையில் ஓடும் அந்த 'முப்பது மைல்' பகுதியில் துடுப்பைச் சும்மா வைத்துக்கொண்டே போகலாம், அடியில் கூழாங்கல் ஓடுவது தெரியும். பயந்துகொண்டிருந்த ஐவிரல் ஆற்றுவீழ்ச்சியில் நான்கு பாறைகள், நடுவே ஐந்து வழி. அதற்கு முன்னால் வரும் கார்மாக்ஸ் ஊரில் சாமான் வாங்கும்போது ஒரு தம்பி, "வலதுபக்க வழி மட்டும்தான், மற்றதைப் பார்க்கவும் வேண்டாம்" என்றான். பார்க்கவில்லை. நன்றி தம்பி.

ஃபோர்ட் செல்கேர்க்குக்குத் தெருவே கிடையாது, ஆற்றாலோ விமானத்தாலோதான் போகலாம். அங்கே கண்ட வடக்குத் துச்சோனிப் பழங்குடி முதியவருக்கு ஒரு தனிக் கும்பிடு. கூடாரம் அடிக்கப் போன இடத்தில் விடியக்காலை கரடி நடந்த தடத்தைக் காட்டி எங்களை இடம் மாற்றினீர்கள். பிறகு நீங்கள் சட்டியில் சுட்டுத் தந்த 'பானக்' என்ற ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்த மச்சான், "டேய், இது எங்கட கோதம்பமா ரொட்டியடா" என்று சிரித்தான். அவன் ஏன் சிரிக்கிறான் என்று நீங்கள் கேட்டீர்கள். சொன்னதும் இன்னும் இரண்டு சுட்டீர்கள்.

வைட் ஆறு வந்து கலந்ததும் தண்ணீர் பால்சாம்பலாகிவிட்டது. வண்டல் வள்ளத்தின் அடியில் உரசி, ரவை வறுப்பதுபோல் சர்ரென்று ஒரே சத்தம், டோசன் வரை நிற்கவேயில்லை. ஆசையாகக் கேட்டுக்கொண்டே வந்தோம்.

வீட்டில் பிள்ளைகளைப் பதினெட்டு நாள் மேய்த்த தங்கச்சிக்கும் நன்றி. நியாயமாக உன்னைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கோபிக்காதே.

ஜெர்மன் அம்மா, உங்கள் காலுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தோய்த்து வைத்திருக்கிறேன். வலது பெருவிரலடியில் ஒரு சின்ன ஓட்டை, நெருப்புப் பொறி பட்டது. அதற்கும் மன்னிக்க வேண்டும்.