கலர் நெகட்டிவ்களைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகப் புகைப்பட தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கேமரா வளர்ச்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெட்டி கேமராவில் தொடங்கி செல்போன் வரை நன்றாகச் சொல்லியிருந்தார்கள். கும்பகோணத்தில் நெடுங்காலம் ஸ்டுடியோ நடத்தியவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றை எழுதுகிறேன். எழுபது, எண்பதுகளில் நம் வீடுகளில் எடுத்த கலர் படங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன.

தாத்தாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தையும் அப்பாவின் கலர் கல்யாணப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது பளிச்சென்று இருக்கும். பிந்தையதில் பச்சைப் பட்டு பழுப்பாகி, முகமும் மாலையும் ஒரே செம்மையாகக் கிடக்கும். எடுத்தவர் மீது குற்றமில்லை. கறுப்பு வெள்ளைப் படம் என்பது வெள்ளி. கலரிலும் முதலில் உருவாவது வெள்ளிதான், ஆனால் கழுவும்போது அதை நீக்கிவிட்டு சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள் என்ற மூன்று சாயங்களை மட்டும் விட்டுவைக்கிறோம். சாயம் வெளுக்கத்தான் செய்யும். அந்தக் காலத்துப் பிரிண்டுகளில், வெளிச்சமே படாமல் பீரோவுக்குள் இருந்தாலும் சயான் முதலில் போய்விடும். படம் சிவந்துபோவது அதனால்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் புரொகூதின் கோர்ஸ்கி என்பவர், ஒரே காட்சியை நீலம், பச்சை, சிவப்பு பில்டர்கள் வழியாக மூன்று முறை கறுப்பு வெள்ளைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். 1861இல் இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் செய்துகாட்டிய அதே முறை. அந்தத் தகடுகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948இல் வாங்கிப் பாதுகாத்தது. மூன்றையும் கணினியில் சேர்த்துப் பார்த்தால், 1911இல் எடுத்த, மத்திய ஆசியாவின் புகாரா நாட்டு மன்னரான அமீரின் நீல அங்கியில் பூவேலை ஒவ்வொன்றும் தெரிகிறது. தகட்டில் இருப்பது சாயமில்லை, வெள்ளி.

இன்றைய செல்போன் கேமராவும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. அதற்குள் பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தை வாங்கும் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர், நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று அதன் மேல் பில்டர் பதிக்கும் முறைக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். மீதி நிறமெல்லாம் கணக்குப் போட்டு வருவது. இப்படி எண்களாகப் பதிவாகும் படத்தைப் பிரதி எடுத்து வைத்தால் வெளுக்காது.

ஆகவே வீட்டில் இருக்கும் நெகட்டிவ்களை, அதாவது பிரிண்ட் போட மூலமாக இருந்த பிலிம்களை, இப்போதே ஸ்கேன் செய்து எண்களாக மாற்றிவிடுங்கள். பிரிண்ட் வெளுத்த வீடுகளில்கூட நெகட்டிவ் பெரும்பாலும் தேறும். ஆரஞ்சு நிறமாக இருக்கிறதே, கெட்டுப்போயிற்று என்று பலர் எறிந்துவிடுகிறார்கள். கலர் நெகட்டிவ் அப்படித்தான் இருக்கும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், விரல் ரேகை பட்டால் எளிதில் போகாது. பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் எடுக்கலாம்.

ஸ்டுடியோவை மூடும் என் சக தொழிலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெகட்டிவ்களைச் சாக்கில் கட்டிப் பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். கவரில் பெயரும் தேதியும் இருக்குமே, அந்தக் குடும்பத்தைத் தேடிக் கொடுங்கள். தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேகரித்து மின்பதிவு செய்திருக்கிறது. கலர் காலத்துக்கும் அப்படி ஒரு முயற்சி வேண்டும். அதை அரசே செய்யலாம். மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு பிலிம் ஸ்கேனர் வீதம் வாங்கி வைத்தால் பொதுமக்கள் தாங்களே கொண்டுவந்து பதிவு செய்துகொள்வார்கள். தஞ்சாவூரில் வைத்தால், இயக்கக் கற்றுக்கொடுக்க நான் சம்பளம் இல்லாமல் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோ போட்டோகிராபர்,
கும்பகோணம்.