கொழும்பு அலங்கார மீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, மருதானை என்று நகரெங்கும் மீன் தொட்டிகளை அடுக்கிக் கடை நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

நெடுநாள் வாடிக்கையாளன் என்ற உரிமையில் எழுதுகிறேன். விலையைப் பற்றிய முறைப்பாடு அல்ல இது. "இந்த மீனை வீட்டுத் தொட்டியில் விடலாமா?" என்று கேட்கிறவரிடம், "விடலாம், ஒன்றும் செய்யாது" என்கிறீர்களே, அந்தப் பதிலைப் பற்றித்தான் பேச வந்தேன். அந்தத் தொட்டி எத்தனை அடி, அதற்குள் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமலே வருகிற பதில் அது.

ரெட் டெயில் ஷார்க்கை எடுத்துக்கொள்வோம். பெயரில்தான் சுறா, உண்மையில் கெண்டைக் குடும்பத்து நன்னீர் மீன். கறுப்பு உடம்பும் சிவந்த வாலுமாக இருப்பதால் பிள்ளைகள் முதலில் விரல் நீட்டுவது அதைத்தான். உங்கள் தொட்டியில் அதன் குஞ்சுகள் மந்தையாக, சண்டை சச்சரவின்றித் திரிகின்றன. பார்க்கிறவர் சாதுவான மீன் என்று நம்பிவிடுகிறார். அந்த அமைதி நெரிசலால் வந்தது. வயதும் இளம் வயது. ஒளிய ஒரு கல் இல்லை. ஒன்றைத் துரத்தினால் அதே இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். எல்லை பிடிக்க வழியில்லாத இடத்தில் எதற்காகச் சண்டை? அதே மீனைக் கல்லும் குகையும் வைத்த இரண்டடித் தொட்டியில் விட்டுப் பாருங்கள். சில மாதங்களில் அடித்தளம் முழுவதும் அதன் காணி. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைதான், வழக்குப் பேச நீதிமன்றம் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

அது எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதுமில்லை. தன் உருவமும் நிறமும் கொண்டவை, தன்னைப் போலவே அடியில் மேய்பவை: இவைதான் முதல் பகைவர்கள். ஆகவே ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். அதன் நெருங்கிய உறவான ரெயின்போ ஷார்க்கும் கூடவே கூடாது. "தனியாக விட்டால் பாவம், சோடியாகக் கொண்டுபோங்கள்" என்று இரண்டை விற்பது இரண்டில் ஒன்றைக் கொல்வதற்குச் சமம். நம் வீடுகளில் கப்பி இல்லாத தொட்டி அரிது. மெதுவாக நீந்தும் அந்த நீண்ட வால்காரர்களும் இதற்கு ஏற்ற துணையல்லர்.

ஒத்துப்போகக்கூடியவை நடுநீரிலும் மேல்நீரிலும் கூட்டமாக, வேகமாக நீந்துபவை. டைகர் பார்ப் நல்ல தேர்வு. எட்டுக்குக் குறையாமல் கொடுங்கள், எண்ணிக்கை குறைந்தால் அவையே பிறர் வாலைக் கடிக்கத் தொடங்கும். ஜயன்ட் டானியோவும் பொருந்தும். தொட்டி நான்கடி நீளமாவது இருக்க வேண்டும். ஒன்றரை அடி அகலமும் உயரமும் வைத்தால் ஏறத்தாழ 250 லீற்றர். மற்ற மீன்களை முதலில் விட்டு, எல்லைக்காரனைக் கடைசியில் விடச் சொல்லுங்கள். பின்னர் புது மீன் சேர்ப்பதானால் கற்களின் இடத்தை மாற்றிவிட்டுச் சேர்க்கட்டும். பழைய எல்லை கலைந்துபோனால் வந்தவனுக்கும் ஓரிடம் கிடைக்கும்.

ஒஸ்கார் மீனுக்குக் கணக்கு இன்னும் எளிது: வாய்க்குள் அடங்குவதெல்லாம் இரை. இன்று கட்டைவிரல் அளவு குஞ்சு, வளர்ந்தால் ஓர் அடி. கொன்விக்ட் சிக்லிட் என்ற வரிமீன் சோடி முட்டையிட்டுவிட்டால் இரண்டடித் தொட்டியில் வேறு எந்த மீனுக்கும் நிம்மதி கிடையாது.

"இவ்வளவும் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்" என்பீர்கள். போகலாம். ஆனால் மீன் செத்துச் செத்து மனம் வெறுத்தவர் எந்தக் கடைக்கும் போவதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பால்கனிகளை அண்ணாந்து பாருங்கள், மண் நிரப்பி மணிபிளான்ட் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகள் தென்படும். அவர்களெல்லாம் ஒருகாலத்தில் உங்கள் வாடிக்கையாளர்கள்.

சாகாமல் அடாவடி செய்கிற மீனின் கதை வேறு. கொல்லவும் மனமில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டுபோய் வாவியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். அலங்கார மீனாக வந்த நைஃப் மீன் இப்படித்தான் பொல்கொட, தியவன்னா நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று வளர்கிறது. அதன் சொந்த ஊர்களுள் ஒன்று தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுப்படுகை. ரெட் டெயில் ஷார்க்கும் அதே படுகையைச் சேர்ந்தது. அங்கே அது அருகிப்போய், அழிவின் விளிம்பிலுள்ள இனமாக, அருகிவரும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கடைக்கு வருபவை பண்ணையில் பிறந்தவை.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். ஒத்துப்போகாத மீனைப் பாதி விலைக்காவது, விலையே இல்லாமலாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, ஒவ்வொரு தொட்டியிலும் விலையோடு சேர்த்து ஒரு சிறு அட்டை ஒட்டுங்கள்: வளர்ந்தபின் எத்தனை அங்குலம், குறைந்தது எத்தனை அடித் தொட்டி, தனியாகவா கூட்டமாகவா, எதனோடு விடக் கூடாது. சிங்களத்திலும் தமிழிலும் இருக்கட்டும். தமிழ் அட்டைகளை எழுதித் தர நான் தயார். ஞாயிறு காலைகளில் கடைக்கு வருவேன், பேனை மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளன் ஒருவன்