ராத்திரி தங்காத கோழிகள்

அன்புள்ள செல்வராசுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாப்பிள்ளை ராசிபுரத்தில் கறிக்கடை போடப்போவதும் நல்ல சேதிதான். ஆனால் பிராய்லர், நாட்டுக்கோழி, காடை, வாத்து எல்லாம் ஒரே இடத்தில் உயிரோடு கிடைக்கும் என்று போர்டு எழுதக் கொடுத்திருக்கிறார் என்றாயே, அங்கேதான் எனக்கு இடித்தது. 'ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நீ அங்கேதானே இருந்தாய், இப்போது அங்கே கோழியை எப்படி விற்கிறார்கள்?' என்று நீயே கேட்டும்விட்டாய். விலாவாரியாக எழுதுகிறேன். அலுத்துப்போனால் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு.

1997-இல் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. மார்ச்சில் புறநகர்ப் பண்ணைகளில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மே மாதம் மூன்று வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்தான். அது எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி என்று தெரியவே ஆகஸ்ட் ஆகிவிட்டது. நவம்பர், டிசம்பரில் அடுத்தடுத்து ஆட்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மொத்தம் 18 பேருக்கு வந்தது, 6 பேர் பிழைக்கவில்லை. நோய் வந்தவர்களை விசாரித்துப் பார்த்ததில் முக்கியமாகச் சிக்கிய பொதுவிஷயம், அதற்கு முந்தைய வாரத்தில் உயிர்க்கோழி விற்கும் இடத்துக்குப் போயிருந்தார்கள் என்பது. சந்தைக் கோழிகளைச் சோதித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிடம் கிருமி இருந்தது.

டிசம்பர் 29-ஆம் தேதி அரசு ஒரே முடிவாக இறங்கியது. பண்ணை, மொத்தச் சந்தை, சில்லறைக் கடை எதையும் விடவில்லை. சில நாட்களில் 13 லட்சம் கோழிகளுக்கு மேல் அழித்தார்கள். அதோடு மனிதர்களுக்கு வருவது நின்றது. ஊரே அதைச் சாதனையாகப் பேசியது, நியாயம்தான். ஆனால் 2001 மே மாதம் அதே சந்தைகளில் எச்5என்1 வகைக் கிருமி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. 2002-இலும் வந்தது. கோழிகளை ஒழித்தார்களே தவிர, சந்தை நடக்கும் விதம் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது.

இந்த இடத்தைத்தான் மாப்பிள்ளை கவனமாகப் படிக்க வேண்டும். நாமெல்லாம் நோய் பண்ணையில் பிறந்து சந்தைக்கு வருகிறது என்று நினைப்போம். அதுவும் உண்டு. ஆனால் பண்ணையிலிருந்து சுத்தமாக வந்து இறங்கும் கோழி, கடையிலேயே நோயை வாங்கிக்கொள்வதும் உண்டு. இன்று வந்த லோடில் பத்து மிஞ்சுகிறது. நாளைக்கு வரும் லோடை அதே கூண்டில் அந்தப் பத்தோடு சேர்த்து அடைக்கிறோம். பழசு புதுசுக்குக் கொடுக்கிறது, புதுசு மறுநாள் வருவதற்குக் கொடுக்கிறது. ஒரு கோழியும் கடையில் நாலு நாளுக்கு மேல் இருக்காது, ஆனால் கிருமி மட்டும் வருஷக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். எச்சத்தில், தண்ணீர்த் தொட்டியில், இறகு பிடுங்கும் மெஷினின் உள்பக்கத்தில்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு இங்கே செய்தவை எல்லாம் பார்க்கச் சாதாரணமான காரியங்கள். முதலில் வாத்தையும் கூஸ் வாத்தையும் கோழிக்கடையிலிருந்து பிரித்தார்கள். அவற்றைத் தனி இடத்தில் அறுத்து, குளிரூட்டிய கறியாகத்தான் கடைக்கு அனுப்பினார்கள். வாத்து நோயைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நடமாடும், அதுதான் காரணம். அடுத்தது காடை. 1997 கிருமியை ஆராய்ந்தவர்கள், அதன் மேலுறைப் பகுதி கூஸ் வாத்திடமிருந்தும், உள்ளே இருக்கும் மரபணுக்கள் காடையிடம் இருந்த எச்9என்2 என்ற வேறொரு பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரியானதிலிருந்தும் வந்திருக்கலாம் என்று கண்டார்கள். மூன்று இனமும் அடுத்தடுத்த கூண்டில் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று சரக்கு மாற்றிக்கொள்ளும். அதனால் காடையையும் கோழிக்கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் போர்டு எனக்கு ஏன் இடித்தது என்று இப்போது புரியும்.

2001-இல் மாதம் ஒரு நாள் எல்லாக் கடையும் காலி என்று விதி வந்தது. மிஞ்சிய கோழியை அறுத்து, கூண்டைக் கழுவி, ஒரு நாள் சும்மா விடவேண்டும். 2003-இல் அதை மாதம் இரண்டு நாள் ஆக்கினார்கள். உள்ளூர்க் கோழிகளுக்குத் தடுப்பூசியும் போட ஆரம்பித்தார்கள். அதிலே ஒரு கெட்டிக்காரத்தனம்: ஒவ்வொரு கூட்டத்திலும் சில கோழிகளுக்கு ஊசி போடாமல் விட்டுவைப்பார்கள். கிருமி நுழைந்தால் அவை முதலில் விழும், சேதி தெரிந்துவிடும். பாவம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் 2008 ஜூனில் கடைகளில் எச்5என்1 அகப்பட்டது. அப்போது கொண்டுவந்ததுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். இரவு 8 மணிக்கு மேல், விடிகாலை 5 மணி வரை, சில்லறைக் கடையில் ஓர் உயிர்க்கோழிகூட இருக்கக்கூடாது. விற்காததை அன்றைக்கே அறுத்துவிட வேண்டும். வியாபாரிகள் கொதித்தார்கள், பலர் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் வருஷக்கணக்கில் சந்தைகளில் மாதிரி எடுத்துப் பார்த்ததில், இந்த இரவுத் தடைக்குப் பிறகு கோழிகளில் எச்9என்2 கிடைப்பது வெகுவாகக் குறைந்தது தெரிந்தது. அந்த ஆய்வாளர்களில் மலிக் பீரிஸ் நம் பக்கத்து இலங்கைக்காரர், பேராதனையில் மருத்துவம் படித்தவர். 2003-இல் சார்ஸ் என்ற மூச்சு நோயின் கிருமியைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவரும் அவரே.

சந்தையையே மூடிவிட்டால் என்ன என்று கேட்பாய். 2013-இல் எச்7என்9 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் கிருமி வந்தபோது சீனாவின் ஷாங்காய், ஹாங்சோ, ஹூசோ, நான்ஜிங் நான்கு நகரங்களும் மூடின. மனிதர்களுக்குத் தொற்றுவது 97 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்தக் கிருமியின் வம்பே கோழிக்கு ஒன்றும் செய்யாததுதான். சுருண்டு விழுந்தால் கடைக்காரனுக்குத் தெரியும், இது கொழுகொழுவென்று நிற்கும். ஆபத்து நேரத்தில் மூடுவது சரி. நிரந்தரமாக மூடினால் கோழி வேறு ஊருக்கும் திருட்டு வியாபாரத்துக்கும் போய்விடும் என்பதையும் சீனா பார்த்தது. ஹாங்காங்கிலும் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் அறுக்கும் திட்டம் போட்டு, 2010-இல் கைவிட்டார்கள்.

இப்போதைய கடை எப்படி என்றால், கூண்டுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே தடுப்பு. கை காட்டினால் கடைக்காரர் உள்ளே கொண்டுபோய் அறுத்துப் பையில் போட்டுத் தருவார். முன்பு பாட்டிமார் கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்க இறகை வாயால் ஊதி விலக்கி, கொழுப்பு எப்படி என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். 'கோழியின் பின்புறத்தை ஊதாதீர்கள்' என்று சுகாதாரத் துறை அறிவுரையில் ஒரு வரியே உண்டு, சிரிக்காதே.

மாப்பிள்ளைக்கு இந்த ஊர்ச் சட்டத்தைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. கண்முன்னால் அறுத்தால்தான் நம் சனம் வாங்கும், ராத்திரி அறுத்து வைத்த கறியை 'பழசு' என்று ஒதுக்கிவிடும். ஆனால் அங்கே வெள்ளி, சனியில் எப்படியும் வியாபாரம் படுத்துக்கிடக்கும். வியாழன் ராத்திரிக்குள் கூண்டைக் காலி செய்து, வெள்ளி முழுக்கக் காயப்போட்டு, ஞாயிறு வியாபாரத்துக்குச் சனி மதியம் புது லோடு இறக்கினால் வாரம் ஒரு தடவை கிருமியின் சங்கிலி அறும். புரட்டாசியில் இன்னும் சுலபம். கழுவும்போது முதலில் சோப்புத் தண்ணீரால் எச்சம் முழுக்கப் போகத் தேய்க்க வேண்டும், பிறகுதான் பிளீச்சிங் பவுடர். அழுக்கின் மேல் மருந்து ஊற்றினால் காசுதான் வீண். வேனில் பண்ணைக்குத் திரும்பும் கிரேட்டுகளைக் கழுவாமல் ஏற்றவே கூடாது. நாமக்கல்லைச் சுற்றி எத்தனை முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினுக்கு மூடி போடச் சொல், இறகு பிடுங்கும் பையனுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுக்கச் சொல். வாத்து கட்டாயம் வேண்டுமென்றால் ஆர்டர் வாங்கிக்கொண்டு, வேறு இடத்தில் வைத்து அறுத்துத் தரட்டும். வேகவைத்த கறியைப் பற்றிப் பயமே வேண்டாம், 70 டிகிரியில் கிருமி செத்துவிடும். நம் வீட்டுக் குழம்பு அதற்கு மேல்தான் கொதிக்கிறது.

போர்டு எழுதுகிறவரிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால், வாத்தும் காடையும் இப்போதே எடுத்துவிடலாம். திறப்பு விழா தேதி முடிவானதும் எழுது. தை என்றால் லீவு கிடைக்கும், வந்துவிடுவேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
முத்து