கையெழுத்துப் போடுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுகிறேன். வீட்டை விற்பதற்கான பத்திரம் உனக்கும் வந்திருக்கும். போன செவ்வாய்க்கிழமை காரைக்குடியிலிருந்து வியாபாரி ஒருவர் வந்து முகப்புத் தூண்களை முழம் போட்டுப் பார்த்தார். நான் எதிரே நிற்கிறேன். அவர் தூணையே பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார்.

"லீவுக்கு வந்துபோன இடம், எனக்கு என்ன தெரியும்?" என்று போனில் கேட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

கானாடுகாத்தானில் அண்ணாமலைச் செட்டியார் அரண்மனை கட்டியது 1912இல். நம்முடையது அதற்குப் பிந்தியது, சிறியது. ஆனாலும் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று வழிகாட்டிகள் அடுக்குவதில் எனக்கு மயக்கம் கிடையாது. பெருக்கித் துடைப்பவளுக்குச் சலவைக்கல்லும் தரைதான். சுவர்தான் அதிசயம். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் குளிரும். மழை பெய்தால் நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் வளவு முற்றத்தில் இறங்கும், அண்டா வைத்துப் பிடிப்போம். வளவைச் சுற்றிய அறைகள் கல்யாணமான மகன்களுக்கு, ஆளுக்கொன்று. நான் வந்த புதிதில் எட்டுப் புள்ளி, அதாவது கல்யாணமான எட்டுக் குடும்பம், எட்டு உலை. சண்டையும் எட்டுத்தான்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? உன் பாட்டையா மூன்று வருடக் கணக்குக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, கப்பலேறியவர். பர்மாவில் நெல் விவசாயிக்கு வட்டிக்குக் கொடுப்பதுதான் தொழில். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை. 1938இல் அந்த ஆறு பங்கு இருபத்தைந்து பங்காகிவிட்டது. "நாம் பிடுங்கவில்லை, கடனுக்கு வந்தது" என்பார் உன் ஐயா. வந்தது வந்ததுதான், உழுதவன் வரப்புக்கு வெளியே நின்றான். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் போட்டது போட்டபடி நம்மவர்கள் ஓடிவந்தார்கள். 1948இல் பர்மா விடுதலையடைந்ததும் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டார்கள். அந்த நிலத்துப் பத்திரங்கள் இன்னும் நம் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன, கரையானுக்குத் தப்பியவை மட்டும்.

விற்காதே என்று நான் சொல்லவில்லை. இருபது பங்காளி சேர்ந்து ஒரு ஓடு மாற்றுவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடுகிறது. எனக்கும் முழங்கால் வலி. ஆனால் தபாலில் கையெழுத்து வேண்டாம். முகப்பில் உட்கார்ந்து, இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போடு.

வடக்குப் பக்கம் ஒழுகுகிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் ஐப்பசிக்குள் சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறேன், பணம் அனுப்பு. டிக்கெட் எடுத்ததும் தேதி சொல். செட்டிநாடு ஸ்டேஷனில் வண்டி அதிக நேரம் நிற்காது, பெட்டியைக் குறைத்துக்கொண்டு வா.

ஆத்தா