ஃபாராமிருக்கு நேர்ந்தது

ஆசிரியருக்கு,

ஃபேன்டசி நாவல்கள் படமாகும்போது ரசிகர்கள் போடும் சண்டையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புத்தகத்தில் இருந்தது படத்தில் இல்லையே என்பதுதான் எல்லோருடைய குறையும் என்று கட்டுரையாளர் நினைக்கிறார். என் குறை வேறு: பாத்திரத்தின் குணமே மாறிப்போவது.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக எடுத்தார். நாவலில் பாட்டுப் பாடிக்கொண்டே வரும் டாம் பாம்படில் என்ற காட்டுவாசி அவற்றில் கிடையாது. அதற்காக இன்றும் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவர் இல்லாமலும், எல்லோரையும் மயக்கும் தீய மோதிரத்தை அழிக்கப் போகும் நாயகன் ஃப்ரோடோவின் பயணம் நடக்கும். (அவருடைய பாட்டுகள் போனதில் கொஞ்சம் நிம்மதிகூட. அடிக்க வராதீர்கள்.)

வழியில் ஃப்ரோடோவைப் பிடிக்கும் தளபதி ஃபாராமிர் விஷயம் அப்படியல்ல. நாவலில், ஃப்ரோடோவிடம் இருப்பது இன்னதென்று சரியாகத் தெரியும் முன்பே, வழியில் கிடந்தாலும் அதை எடுக்க மாட்டேன் என்கிறான். மோதிரம் என்று தெரிந்த பிறகும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். மோதிரத்தைப் பறிக்கப் பார்த்து அண்ணன் போரோமிர் சறுக்கிய இடத்தில் தம்பி நிற்கிறான். படத்திலோ ஃப்ரோடோவை ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப் போய், அப்புறம்தான் மனம் மாறுகிறான்.

படக்குழு இதற்குக் காரணம் சொன்னது. எல்லோரையும் மயக்கும் மோதிரத்தை ஒருவன் சுலபமாக மறுத்துவிட்டால், பார்ப்பவர்களுக்கு அதன்மேல் பயம் போய்விடும். ஷீலாப் என்ற ராட்சதச் சிலந்தியை மூன்றாம் படத்துக்குத் தள்ளியதால், இரண்டாவதில் ஃப்ரோடோவுக்கு வேறொரு நெருக்கடியும் தேவைப்பட்டது. சரி, திரைக்கதைக்கு நியாயம்தான். நீளமான பதிப்பில் அப்பாவின் பாராட்டுக்கு ஏங்கும் மகனாக அவனைக் காட்டும் காட்சியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவன் வேறொரு ஆள். நாவலின் ஃபாராமிருக்கு அந்த ஊசலாட்டமே கிடையாது.

அதே டோல்கீன் எழுதி, அதே ஜாக்சன் எடுத்த 'ஹாபிட்' இன்னும் நல்ல உதாரணம். சின்னப் புத்தகம், 2012 முதல் 2014 வரை மூன்று படங்கள். வெட்டிவிட்டார்கள் என்று யாரும் பெரிதாகக் குறைசொல்ல முடியாது. மாறாக, நாவலில் இல்லாத டாரியல் என்ற வீராங்கனை வந்தாள், கூடவே ஒரு காதலும் வந்தது. அப்படியும் பல ரசிகர்களுக்கு மனம் நிறையவில்லையே!

அடுத்த முறை இந்த விவாதத்தை வெளியிடும்போது, விடுபட்ட காட்சிகளைக் கேட்பதோடு, படத்தில் குணம் மாறிப்போன பாத்திரம் எது என்றும் வாசகர்களிடம் கேளுங்கள். என் ஓட்டு ஃபாராமிருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்