கலக்கும் வேகம் மட்டும் எஃகைச் சுத்தமாக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டுமானக் கம்பிகளின் தரம் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘லேடிலில் ஆர்கான் வாயுவை வேகமாகச் செலுத்தச் செலுத்த எஃகு சுத்தமாகும்’ என்று ஒரு வரி வந்திருந்தது. (லேடில் என்பது உருகிய எஃகை ஏந்தும் பெரிய கொள்கலன்.) அது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் பல ஹீட்டுகள் (ஒரு தடவையில் உருக்கும் எஃகுத் தொகுதிகள்) கெடுகின்றன.

உருகிய எஃகு ஒரு கனமீட்டருக்கு 7 டன் எடை. சுண்ணாம்பும் ஆக்சைடுகளும் உருகிய கசடு (ஸ்லாக்) 3 டன்னைத் தொடாது. தண்ணீர்மேல் எண்ணெய்போலக் கசடு மிதக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் கந்தகம் எஃகை விட்டுக் கசடுக்கு மாறும். அடியிலுள்ள போரஸ் பிளக் (வாயு புகும் நுண்துளை அடைப்பு) வழியாக ஆர்கான் ஏறும்போது, அறை வெப்பத்தில் 1 லிட்டராக அளந்து விட்ட வாயு 1600 டிகிரியில் மேற்பரப்பை எட்டுகையில் 6 லிட்டராக விரிந்திருக்கும். அந்த ஓட்டம் கசடை விலக்கி, ஓரத்திலிருந்து சிறு துளிகளாகப் பிய்த்து எஃகுக்குள் இழுக்கும். தொடு பரப்பு பல மடங்கு பெருகுவது இப்படித்தான். ஆய்வகங்களில் தண்ணீரையும் எண்ணெயையும் வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: குறிப்பிட்ட வாயு அளவுவரை ஒன்றிலிருந்து மற்றதற்குப் பொருள் மாறும் வேகம் மெதுவாக ஏறும், எண்ணெய் துளியாக உடையத் தொடங்கியதும் சட்டென்று எகிறும்.

ஆனால் கசடு விலகிய அந்தக் ‘கண்’ வழியாகத்தான் காற்றும் எஃகைத் தொடுகிறது. எஃகிலுள்ள அலுமினியம் எரிந்து அலுமினாத் துகளாகிறது, நைட்ரஜன் ஏறுகிறது. ஏறிய நைட்ரஜனை லேடிலில் சுலபமாக இறக்க முடியாது. இழுபட்ட கசடுத் துளிகளும் மேலே வர நேரம் கிடைக்காவிட்டால் எஃகிலேயே உறைந்துவிடும்.

ஆகவே வேலை இரண்டு. 100 டன் லேடிலில் கந்தகம் நீக்க நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் என்று பலமாகக் கலக்கலாம். முடிவில் 50 முதல் 100 லிட்டராகக் குறைத்து, கண் திறக்காமல், மேற்பரப்பு லேசாக அசையும்படி 5 முதல் 10 நிமிடம் விட வேண்டும். காஸ்டர் (எஃகை வார்க்கும் இயந்திரம்) காத்திருக்கிறது என்ற அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த நிமிடங்கள்தான். இது பெரும் தவறு.

கசடும் சரியாக இருக்க வேண்டும். உலையிலிருந்து கூடவே வந்த கசடில் இரும்பு ஆக்சைடு மிகுந்திருந்தால், எவ்வளவு கலக்கினாலும் கந்தகம் இறங்காது. கசடிலிருந்த பாஸ்பரஸ்தான் எஃகுக்குத் திரும்பும். சோதனைக் கம்பியை நனைத்து ஒட்டி எடுத்த கசடு கறுப்பாக இருந்தால் கலக்குவதை வேகப்படுத்துவதில் பயனில்லை; முதலில் அலுமினியமும் சுண்ணாம்பும் சேர்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். வெளுத்து, ஆறியதும் மாவாக உதிர்ந்தால் நல்ல அறிகுறி.

வாயு ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரையும் அப்படியே நம்பக் கூடாது. ஹோஸ் இணைப்பில் கசிவு இருந்தால் மீட்டர் 200 லிட்டர் காட்டும், எஃகு அசையாது. வழக்கத்தைவிடப் பின்னழுத்தம் (குழாயில் வாயுவை எதிர்க்கும் அழுத்தம்) குறைந்திருந்தால் கசிவைத் தேட வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனம். கசிந்து குழிகளில் தேங்கினால் இறங்குபவருக்கு மூச்சடைத்து உயிராபத்து.

வீடு கட்டுவோர் கம்பி வாங்கும்போது சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரத்தின்படி எஃப்.இ. 500டி ரகக் கம்பியில் கந்தகம், பாஸ்பரஸ் இரண்டும் தனித்தனியே 0.040 சதவீதத்தையும், கூட்டினால் 0.075 சதவீதத்தையும் தாண்டக் கூடாது.

இப்படிக்கு,
உருக்குத் துறைப் பொறியாளர்,
சேலம்.